மடுவிலக்கணம்

தலைப்பை மதுவிலக்கணம் என்று படித்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படிக்கவும். மதுவுக்கும் இந்நூலில் ஓரிடம் உண்டு. அது பின்னால் வரும்.

கும்மிடிப்பூண்டியில் விடியற்காலை வேன் ஏறி, மலையில் தண்ணீர் தேங்கும் இடங்களையும் பாறை பிளந்து கிடக்கும் இடங்களையும் ஒருவர் கூட்டிப்போய்க் காட்ட, பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறோமே, அந்தச் சுற்றுலாவுக்கு எழுதிய இலக்கணம் இது. இலக்கணம் என்றால் பாயிரம் இல்லாமல் ஆகாது. ஆக்கியோன், சிப்காட்டில் இருபது வருஷம் ஷிப்டு பார்த்தவன். வழி, மாதர்பாக்கம், சத்யவேடு, நாகலாபுரம். கேட்போர், ஞாயிறு வாரவிடுமுறை உள்ளவர்கள். பயன், திங்கட்கிழமை முழங்கால் வலி. எல்லை என்ற ஒன்று மட்டும் ஒரு வரியில் அடங்காது.

மழை ஓய்ந்து வானம் வெளுத்த நாளில் எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே பார்த்தால் நீலமாக ஒரு மலைவரிசை தெரியும். அது ஆந்திரம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்யவேட்டுப் பகுதி அந்தப் பக்கம் போனது. பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு மாடி, தம்பிக்குக் கிணறு என்று எழுதிக்கொள்வார்களே, அதுபோல எங்கள் கண்ணுக்கெதிரே உள்ள மலை அவர்களுக்கு, அதிலிருந்து இறங்கும் தண்ணீர் எங்களுக்கு. ஆரணியாறு அந்தப் பக்கத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையில் கொஞ்சம் நின்று, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டிருக்கும் சிவனைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று வந்து பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. ஆகவே நாங்கள் மலைக்குப் போவது ஊர் சுற்ற அல்ல, வீட்டுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கத்தான் என்று வாதிடலாம். வாதிட்டும் பார்த்தேன். வேன்காரர் மாநிலம் தாண்டும் பர்மிட் காசைத் தனியாகத்தான் கணக்குப் போட்டார்.

இனி முதற்பொருள். அதாவது நிலமும் பொழுதும். கும்மிடிப்பூண்டி என்ன திணை என்று எந்தப் புலவரும் தீர்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. கிழக்கே பழவேற்காடு நெய்தல். நடுவே நெல் விளைந்த மண் மருதம். முல்லையும் குறிஞ்சியும் முறை கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. மருதம் கெட்டால் என்ன ஆகும் என்று இளங்கோ கவலைப்படவில்லை. சிப்காட் ஆகும். அதன் பறவை கிரேன், அதன் பறை ரோலிங் மில், அதன் சிறுபொழுது மூன்று: ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு. உரிப்பொருள் ஓவர்டைம். இந்தத் திணையில் வாழும் தலைவன் வாரத்தில் ஒருநாள் குறிஞ்சிக்குப் போய்விட்டு வருவதுதான் நாம் ஆராயும் பொருள். பிரிவு என்று வகைப்படுத்துவதா, புணர்தல் என்பதா என்று உரையாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். தலைவி கூட வருகிறாளா என்பதைப் பொறுத்தது.

பெரும்பொழுது மார்கழியும் தையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடை தெளிந்திருக்கும், ஆனால் வற்றியிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் போகக் கூடாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே எங்கோ பெய்த மழை பாறையிடுக்கில் திரண்டு திடீரென்று வந்து நிற்கும். சித்திரையில் போனால் பாறை இருக்கும், பல்லி இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது.

நீரின் வகைக்கு வருவோம். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். நிகண்டுகளைத் திறந்தால் வாவி, கயம், பொய்கை, இலஞ்சி, தடாகம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். திருவள்ளூர் மாவட்டத்துக்காரனுக்கு அத்தனை வேண்டாம். கரை கட்டி மழையை நிறுத்தினால் ஏரி. அதே ஏரி சின்னதாக இருந்தால் தாங்கல். சாமிக்குச் சொந்தமானால் குளம், எருமைக்குச் சொந்தமானால் குட்டை. இந்த நான்கும் சமநிலத்துச் சரக்கு. மலை ஏரி என்று காலண்டரில் சுவிட்சர்லாந்துப் படம் போடுகிறார்களே, அந்தப் பள்ளங்களில் பெரும்பாலானவை பனியாறு தோண்டிவிட்டுப் போனவை. நாகலாபுரத்து மலைக்குப் பனியாற்றைக் கொண்டுவர எந்த ஏஜென்டாலும் முடியாது. அங்கே இருப்பவை இரண்டே: சுனை, மடு.

சுனை பாறையில் ஊறி அங்கேயே கிடப்பது. மடு ஓடையின் போக்கில், அருவி விழும் இடத்திலோ பாறை நெருக்கும் இடத்திலோ உண்டாகும் ஆழம். வெள்ளம் கூழாங்கற்களை ஒரு பள்ளத்தில் போட்டு ஆட்டுக்கல் குழவி மாதிரி சுற்றிச் சுற்றி அரைக்க, பாறை ஆண்டுக்கணக்கில் கொப்பரையாகக் குடைந்துபோகிறது. மேலே வாய் ஒடுங்கி, உள்ளே வயிறு அகன்ற மடுவும் உண்டு. தெலுங்கில் மடுகு என்பார்கள். தடா அருகே உள்ள அருவிக்கு உப்பலமடுகு என்று பெயர். பெயரிலேயே மடு உட்கார்ந்திருக்கிறது. நம்மவர்கள் அதைத் தடா பால்ஸ் ஆக்கி, மடுவைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கிப் போட்டதற்குச் சமம் என்பது என் கருத்து.

மடுவுக்கும் ஏரிக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால் நான் ஒருமுறை காசு இழந்தேன். 'ஐந்து மலை ஏரிகள், மூன்று பள்ளத்தாக்குகள், சாப்பாடு உட்பட' என்ற நோட்டீஸை நம்பி எங்கள் தெருவில் எட்டுப் பேர் பணம் கட்டினோம். நடத்தியவர் பெயர் வேண்டாம். இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். முதல் ஏரி, கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 2020-ல் திறந்தது, கொள்ளளவு அரை டி.எம்.சி., சென்னைக்குக் குடிநீர் தருவது. எல்லாம் சரி, ஆனால் அது எங்கள் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, நாகலாபுரத்தில் கோயில் குளம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாள் பெயரால் அமைத்த ஊர், வேதநாராயணர் கோயில், மீனாக அவதரித்த பெருமாள். பெருமாளே மீன் என்பதால் குளத்தை ஏரியாகக் கொள்ளலாம் என்றார். மூன்றாவது பிச்சாட்டூர் அணை, வேன் ஜன்னல் வழியாக. நான்காவதுதான் மலை மேல் ஒரு மடு. ஐந்தாவது ஏரி எங்கே என்று கேட்டபோது எங்களை ஒரு பாறை மேல் ஏற்றி, அதே மடுவை மேலிருந்து காட்டினார். சாப்பாடு புளிசாதம். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபுறமும் செங்குத்தாகப் பாறை நிற்க, நடுவே ஓடை போகும் பிளவுக்குப் பழைய தமிழில் விடர் என்ற சொல் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் கெவி என்பார்கள். தெலுங்கில் கோன, கைலாசகோனா, சதாசிவகோனா, தலகோனா எல்லாம் அந்த வம்சம். இன்னும் பெரிதானால் கண்டி. பெண்ணாறு அறுத்த பிளவின் விளிம்பில் நிற்பதால்தான் கடப்பை மாவட்டத்துக் கோட்டைக்குக் கண்டிகோட்டா என்று பெயர். அதை இந்தியாவின் கிராண்ட் கேன்யான் என்று போஸ்டர் அடிக்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பது ஏறத்தாழ 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஒப்பிடுவானேன்? நாகலாபுரத்து விடரில் நடந்தால் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும்.

பயணிகளை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். செருப்போடு வருபவர், புது ஷூவோடு வருபவர், இருவரும் வழுக்கி விழுவார்கள், முன்னவர் சீக்கிரம். தண்ணீரைக் கண்டதும் செல்போனைத் தூக்குபவர், தண்ணீருக்குள் செல்போனைப் போடுபவர், இவர்கள் ஒரே ஆள்தான், பத்து நிமிட வித்தியாசத்தில். ஒடிஷாவிலிருந்து வந்து பர்னஸில் வேலை பார்க்கும் பையன்கள் எங்களைவிட நன்றாக ஏறுவார்கள், எங்களைவிடக் குறைவாகப் பேசுவார்கள். கடைசியாக, நான் சொன்ன மதுவகை. பாட்டிலைக் காலையிலேயே ஓடையில் குளிர வைத்து, மதியம் அதைக் காலி செய்து, பிறகு தலைகீழாகப் பாய்பவர். இவரை வகைப்படுத்தும் வேலை இலக்கண ஆசிரியனிடம் இருக்காது, தீயணைப்பு நிலையத்திடம் போய்விடும்.

இனி வழிகாட்டிகள். வழிகாட்டி இல்லாத மலைச்சுற்றுலா எழுவாய் இல்லாத வாக்கியம். தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டே என்று சிலர் கிளம்புவார்கள். அது போனுக்குள் இருக்கும் வரைபடம். விடருக்குள் முதல் வளைவு திரும்பியதும் சிக்னல் போய், நிஜமாகவே தோன்றாமல் போய்விடும்.

தோன்றும் எழுவாய் மூவகை. முதலாமவர் விசில் வழிகாட்டி. கம்பெனி பெயர் போட்ட பனியன், கழுத்தில் விசில், எல்லோரையும் 'கைஸ்' என்று அழைப்பார். ஊதுவது அவர் கடமை, எதற்கு ஊதினார் என்று கண்டுபிடிப்பது நம் கடமை.

இரண்டாமவர் அரசு வழிகாட்டி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு தொடங்கியது; பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் கூட்டிப்போகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அதில் பூண்டி பக்கத்துக் குடியம் குகை கிடைத்தது. பழைய கற்கால மனிதர் ஒதுங்கிய பாறைப் புகலிடம். அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். இந்த வகை வழிகாட்டி நேரத்துக்கு வருவார், நேரத்துக்குத் திருப்பி அனுப்புவார், ஆள் எண்ணுவார். இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லாதது எழுத்தாளனுக்கு நஷ்டம்.

மூன்றாமவர் ஊர்க்காரர். மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர், மாந்தோப்பில் காவல் இருப்பவர். லுங்கி, ஒரு கத்தி, காதில் பீடி. இடம் சுற்றிக் காட்டத் தெரியாது, வரலாறு கேட்டால் சிரிப்பார், போட்டோ எடுக்கச் சொன்னால் தன் விரலை எடுப்பார். எங்கள் ஐந்து ஏரிப் பயணத்துக்கு அப்படி ஒருவரை நடத்துநர் அடிவாரத்தில் பிடித்துக்கொண்டார். ஏறும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மடுவுக்கு வந்து சேர்ந்ததும் முதன்முறையாக வாயைத் திறந்து, "லோத்து உந்தி சார், லோத்து" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் டெஸ்பாட்ச் பார்ப்பவர். "இங்க எதுக்குங்க லோடு, லாரியே வராதே" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே இறங்கினார்.

லோத்து என்றால் ஆழம்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பார்த்தால் நெஞ்சளவு. இங்கே ஒளியியல் கொஞ்சம் வேண்டும்: தண்ணீரிலிருந்து வெளியே வரும் ஒளி விலகுவதால், நேர் மேலிருந்து பார்த்தாலே ஆழத்தில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். எட்டடி மடு ஆறடியாகத் தோன்றும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு துணிச்சல் வரும்; கலங்கிய குட்டையில் குதிக்க எவனும் ஆசைப்படுவதில்லை. பிளஸ் டூ படித்தவர்கள் எங்களில் ஐந்து பேர், டிப்ளமோ இரண்டு. எங்கள் ஒருவருக்கும் அந்தக் கால் பங்கு ஞாபகம் வரவில்லை. லுங்கிக்காரர் கத்தியைக் கீழே போட்டு, ஒரு நீண்ட கழியை வெட்டி எடுத்து மடுவில் இறக்கினார். கழி முழுதும் போய், அவர் முழங்கையும் நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார்.

ஏரியும் விடரும் வழி கேட்டுக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி கண் காட்டாத அந்தக் கால் பங்குக்கு. நாங்கள் தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு அவரிடம் கொடுத்தபோது, ஏன் கொடுக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. நடத்துநர் அதில் பாதியை வாங்கிக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

புறனடை. இந்நூலில் சொல்லாத வகைகள் இருக்கலாம்; கற்றோர் சேர்த்துக்கொள்ளட்டும். போகும் முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள், அடிவாரத்தில் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், நாலு மணிக்குள் மடுவை விட்டு ஏறிவிடுங்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'லோத்து எந்த?' என்று கேட்க மட்டும் பழகிக்கொண்டு போங்கள். பதில் வரும்வரை சட்டையைக் கழற்றாதீர்கள்.