அடித்த விலை, அடிக்காத விலை

எங்கள் தெரு அண்ணாச்சி கடைக்குச் சரக்கு, மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலிருந்து கைவண்டியில் வரும். வத்தல் மூட்டை இறங்கும் நாளில் தெருவே தும்மும். அண்ணாச்சி பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டிக் கடுகைக் கொட்டுவார். மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்று சுற்றி, முடிச்சே போடாமல் அறுத்துக் கொடுப்பார். வீடு வரைக்கும் பொட்டலம் பிரியாது. புளி நிறுக்கும்போது மட்டும் தராசுத் தட்டை நாங்கள் கண்கொட்டாமல் பார்ப்போம். அவர் எங்களைப் பார்ப்பார்.

விலை அவர் வாயில் இருந்தது. பாக்கெட் பொருள்களில் வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று 1990-ல் விதி வந்தது. கடைக்காரர் அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது என்பது நோக்கம். இன்று அந்த விலை, சிவப்புக் கோடு போட்டு அடிப்பதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. அடித்த விலையைப் பார்த்தால்தான் நமக்கும் மனசு குளிர்கிறது. அஞ்சு ரூபாய் பிஸ்கட் இன்னமும் அஞ்சு ரூபாய்தான். பாக்கெட்தான் மெலிந்துகொண்டே போகிறது. தராசில் அண்ணாச்சி செய்வதாக நாங்கள் சந்தேகப்பட்டதை, இப்போது உறையிலேயே கிராம் கணக்கை அச்சடித்து நேர்மையாகச் செய்கிறார்கள்.

சாமான் கட்டி முடித்ததும் ஒரு துண்டு வெல்லம் கொசுறாகக் கிடைக்கும். இப்போது போன் நம்பர் சொன்னால் புள்ளிகள் ஏறுகின்றன. புள்ளிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. வெல்லம் அவ்வளவு நேரம் தாங்கியதில்லை.

"என்னடே, காப்பித்தூள் அதுக்குள்ள தீந்துட்டா? ஊர்ல இருந்து ஆள் வந்திருக்கோ?" என்பார் அண்ணாச்சி. 'இவருக்கு எதுக்கு இந்த வம்பு' என்று அம்மா முணுமுணுப்பாள். அதையே இன்று போன் விசாரிக்கிறது. விசாரிக்க அனுமதி கொடுத்ததும் நாம்தான்.

பையும் அப்படித்தான். பிளாஸ்டிக் பை வந்ததும் மஞ்சப்பைக்காரன் பட்டிக்காட்டான் ஆனான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த அரசு, 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று கிளம்பியது. சூப்பர் மார்க்கெட்டில் பைக்குத் தனிக் காசு.

அண்ணாச்சியின் மகன் இன்றும் கடை நடத்துகிறார். ஏஜென்ட் தரும் விலையைவிடப் பெரிய கடையின் ஆஃபர் விலை குறைவு என்பதால், சோப்பும் சலவைத்தூளும் வாங்க எங்களோடு அங்கே வரிசையில் நிற்கிறார். ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்தால் மனைவி, மைத்துனர் என்று குடும்பமே வந்து நிற்கும். அடித்துக் குறைத்த விலைக்கு அங்கே வாங்கி, அடிக்காத விலைக்கு இங்கே விற்கிறார். தெரிந்தும் நான் அவரிடம்தான் வாங்குகிறேன். மாசக் கடைசியில் "நோட்டுல எழுதிக்கங்க" என்று சொல்ல, அந்தப் பெரிய கடையில் யாரும் இல்லை.