ஐந்து பேர் போனால் அணி போச்சா?

கே: சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

ப: போன சீசன் ஜனவரியில் முடிந்தது. அடுத்தது ஆகஸ்ட் கடைசியில். நடுவில் ஏழு மாதம் வெறும் வாய். மெல்ல அவல் வேண்டாமா?

கே: அதிலும் டிஃபென்ஸைப் பற்றித்தான் சண்டை அதிகம். ஏன்?

ப: அஃபென்ஸ் என்றால் குவாட்டர்பேக் ஒருவன் முகம் போதும். பிடிக்கும், அல்லது பிடிக்காது. அதோடு பேச்சு முடிந்தது. டிஃபென்ஸில் முன்னால் மூன்று நான்கு மலைகள், நடுவில் லைன்பேக்கர்கள், பின்னால் கார்னர்பேக், சேஃப்டி என்று பதினோரு பேர். பத்துப் பேர் ஒழுங்காக நின்று ஒருவன் கோட்டை விட்டாலும் எதிராளிக்கு டச்டவுன். ஆளுக்கொரு கவலை என்றாலும் பதினோரு கவலை. டீக்கு நடுவே பேசி முடிக்கிற சமாசாரமா இது?

கே: டிஃபென்ஸின் பெரிய தலைகள் ஐந்து பேர் ஒரே வருடத்தில் போய்விட்டால் அந்த அணி தேறுமா?

ப: 2022 கோடையில் ஜார்ஜியா பல்கலைக்கழக ரசிகர்கள் தூக்கம் கெட்டுப் புலம்பியது இதே கேள்விக்காகத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2021 சீசனில் அந்த டிஃபென்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் பாயின்ட் சொச்சம்தான் விட்டுக்கொடுத்தது. 1980-க்குப் பிறகு வராத தேசியப் பட்டம், அலபாமாவை 33-18 என்று சாய்த்து வந்து சேர்ந்தது. மூன்றரை மாதம் கழித்து என்.எஃப்.எல். டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் காலேஜ் ஆட்களைப் பொறுக்கி எடுக்கிற திருவிழா. முதல் ரவுண்டிலேயே ஜார்ஜியா டிஃபென்ஸிலிருந்து ஐந்து பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் டிராவன் வாக்கர், மொத்த டிராஃப்டுக்கும் முதல் ஆள். போதாததற்கு டிஃபென்ஸை நடத்திய டான் லானிங்கும் தலைமைக் கோச்சாக ஒரேகானுக்குப் போய்விட்டார். வேலைக்காரர்களும் போய் மேஸ்திரியும் போனால் வீட்டுக்காரர் என்ன பாடு படுவார்?

கே: சஸ்பென்ஸ் வேண்டாம். என்ன ஆயிற்று?

ப: அட்டவணை போட்ட புண்ணியவானுக்குக் குறும்பு அதிகம். சீசனின் முதல் ஆட்டமே, செப்டம்பர் 3, அட்லாண்டாவில், லானிங்கின் ஒரேகானோடு! இந்தப் பையன்களின் பலவீனம் அத்தனையும் தெரிந்த மனிதர் எதிர்வரிசையில் நிற்கிறார். ஜார்ஜியா 49, ஒரேகான் 3. அன்று அழகாகப் பாய்ந்து பந்தைப் பறித்தவர்களில் ஒருவன் மலாக்கி ஸ்டார்க்ஸ். அவனுக்குக் கல்லூரியில் அதுதான் முதல் ஆட்டம்.

கே: அப்படியென்றால் புலம்பியவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

ப: அவசரப்படாதீர்கள். பின்வரிசை புதுசு, பாஸில் அடி வாங்கும் என்றார்களே, அது பாதி பலித்தது. எல்.எஸ்.யூ. 30 பாயின்ட் எடுத்தது. பிளேஆஃபில் ஓஹையோ ஸ்டேட் 41 எடுத்தது. கடைசி வினாடிகளில் ஓஹையோ உதைத்த ஃபீல்ட் கோல், புத்தாண்டு பிறக்கிற நேரத்தில் விலகிப் போனதால் 42-41 என்று தலை தப்பியது. இறுதி ஆட்டத்தில் டி.சி.யூ.வை 65-7 என்று நசுக்கிய பிறகு, புலம்பியவர்களுக்குத் தாங்கள் புலம்பியதே மறந்துபோயிற்று.

கே: இத்தனை பேர் போயும் எப்படிச் சமாளித்தார்கள்? அதிர்ஷ்டமா?

ப: ரசிகர் போனவர்களை எண்ணுகிறார், கோச் ஏற்கெனவே ஆடியவர்களை எண்ணுகிறார். 2021-லேயே ஜார்ஜியா முன்வரிசையில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கியது. அந்தச் சுழற்சியில் ஜேலன் கார்ட்டர் என்று ஒருவன். அலபாமாவோடு நடந்த இறுதி ஆட்டத்தில் ஃபீல்ட் கோல் ஒன்றைக் கையால் மறித்தவன் அவன்தான். அடுத்த வருடத்துப் பட்டியலில் அவன் எப்படிப் ‘புதுசு’ ஆவான்? அண்ணன்மார் வாங்கிய கைதட்டலில் தம்பி முகம் தெரியவில்லை, அவ்வளவுதான். 2023 டிராஃப்டில் ஒன்பதாவதாகப் போனான்.

கே: டிஃபென்ஸ் என்றால் லைன்பேக்கர்கள்தானே? முன்னால் நிற்கும் குண்டர்கள் எதற்கு?

ப: 2021 ஜார்ஜியா வீடியோவில் ஜோர்டன் டேவிஸ் என்பவரை மட்டும் பாருங்கள். ஆறரை அடி உயரம், 150 கிலோவுக்கு மேல். பந்து நகர்ந்ததும் எதிரணியில் இரண்டு பேர் அவர் மேல் சாய்கிறார்கள். அவர் அரை அடிகூட நகர்வதில்லை. பந்தையும் தொடுவதில்லை. கேமராவும் அவரைக் கண்டுகொள்வதில்லை. அந்த இரண்டு பேர் அங்கே மாட்டிக்கொண்டதால் பின்னாலிருந்து நகோபி டீன் என்ற லைன்பேக்கர் தடுக்க ஆளில்லாமல் ஓடி வந்து அமுக்குகிறார். அந்த வருடத்துச் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது டீனுக்கு. டேவிஸ் முன்னால் மறித்து நின்றிராவிட்டால்? டீனையே கேட்கலாம்.

கே: ஏப்ரலில் நடக்கும் பயிற்சி ஆட்டத்தை வைத்து டிஃபென்ஸை எடை போடலாமா?

ப: அது ஒரே அணி இரண்டாகப் பிரிந்து ஆடுவது. டிஃபென்ஸ் ஓங்கினால் ‘ஐயோ, நம்ம அஃபென்ஸ் சொத்தை’. அஃபென்ஸ் ஓங்கினால் ‘ஐயோ, டிஃபென்ஸ் ஓட்டை’. குவாட்டர்பேக் மேல் கை வைக்கவும் தடை. அழுவதற்கென்றே வருகிறவர்களுக்கு அருமையான ஆட்டம்.

கே: என் மாப்பிள்ளை ஓஹையோ ஸ்டேட் பக்தர். 2025-ல் முன்வரிசை நாலு பேரும் போய்விட்டார்கள் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை!

ப: டிஃபென்ஸை நடத்திய ஜிம் நோல்ஸும் பட்டம் வென்ற கையோடு பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டாரே, அதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அந்த இடத்துக்கு மேட் பட்ரீஷியா வந்தார். முதல் ஆட்டத்தில், முதலிடத்தில் இருந்த டெக்ஸஸ் எடுத்தது ஏழே பாயின்ட். 14-7. அக்டோபரில் நோல்ஸின் புது டிஃபென்ஸ் மேல், அதுவரை ஒரு வெற்றிகூடக் காணாத யூ.சி.எல்.ஏ. 42 பாயின்ட் அடித்தது. மேஸ்திரி நல்லவர்தான். செங்கல் ஓஹையோவிலேயே தங்கிவிட்டது.

கே: டிஃபென்ஸ் சரியில்லை என்றால் கோச்சை மாற்றினால் போதும்தானே?

ப: எப்போது மாற்றுகிறார்கள் என்பதையும் பாருங்கள். யூ.எஸ்.சி. 2022 சீசனின் கடைசி ஆட்டத்தில் 45 பாயின்ட் எடுத்தும் டுலேனிடம் ஒரு பாயின்ட்டில் தோற்றது. டிஃபென்ஸ் கோச் அலெக்ஸ் கிரின்ச்சை அனுப்புங்கள் என்று ரசிகர்கள் கோடை முழுக்கக் கத்தினார்கள். தலைமைக் கோச் லிங்கன் ரைலி அசையவில்லை. 2023 நவம்பரில் வாஷிங்டனிடம் 42 எடுத்து, 52 கொடுத்துத் தோற்றார்கள். மறுநாள் கிரின்ச் வெளியே. அந்தச் சண்டையில் ரசிகர்கள் பக்கம்தான் நியாயம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கே: டிஃபென்ஸ்தான் பட்டம் வாங்கித் தரும் என்கிறார்களே?

ப: 2019 எல்.எஸ்.யூ. அதைக் கேட்டால் சிரிக்கும். குவாட்டர்பேக் ஜோ பர்ரோவை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குச் சராசரி 48 பாயின்ட் குவித்தார்கள். டிஃபென்ஸ் சுமார்தான். பட்டம் வந்தது. ஆனால் பர்ரோ வருடத்துக்கு ஒருவன் பிறப்பதில்லையே!

கே: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு யார் எந்த அணி என்றே புரியவில்லை.

ப: கல்லூரி மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கிற போர்ட்டல் 2018-ல் வந்தது. 2021-ல் கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியையும் தளர்த்தினார்கள். ஜெர்சி வாங்கும்போது பெயர் போடாமல் வாங்குங்கள். காசு மிச்சம்.

கே: அந்தக் கால டிஃபென்ஸ் கோச்சுகள் மாதிரி இப்போது உண்டா?

ப: ஜார்ஜியாவில் எர்க் ரஸ்ஸல் என்று ஒருவர், 1964 முதல் 1980 வரை. ஆட்டத்துக்கு முன் பையன்களுக்குச் சூடேற்ற, ஹெல்மெட் போட்ட அவர்களோடு தன் வழுக்கைத் தலையால் முட்டுவார், ரத்தம் வழியும்வரை. இன்றைய கோச்சுகளுக்குச் சம்பளம் அதிகம். அதனால் தலையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

கே: கடைசியாக, எங்கள் அணி டிஃபென்ஸ் இந்த வருடம் எப்படி இருக்கும்?

ப: எந்த அணி என்று எழுதவே இல்லையே! எதுவானாலும் போனவர்கள் பட்டியலை மடித்து வையுங்கள். போன நவம்பரில் உங்கள் அணி சுலபமாக ஜெயித்த ஆட்டம் ஒன்றை எடுத்து, நான்காவது குவாட்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். மெயின் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். களத்தில் நிற்கிறவர்களின் ஜெர்சி நம்பரைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், முதல் ஆட்டத்துக்கு முன்னால்.