தாம்பரம் வட்டாரத்துச் சதுரங்க ரேட்டிங்கும் தரைக்கு எட்டாக் கால்களும்: ஒரு முன்னாய்வு

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களிலும் சதுரங்க ரேட்டிங் எந்த வயதில் ஏறுகிறது, எந்த வயதில் இறங்குகிறது என்பதை ஐயந்திரிபற நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை வருமாறு: வடக்கே பல்லாவரம், தெற்கே ஊரப்பாக்கம், கிழக்கே மேடவாக்கம், மேற்கே முடிச்சூர். மழைக்காலத்தில் மேற்கெல்லை மாறுதலுக்குட்பட்டது. இத்துறையில் முன்னோர் ஆய்வு எதுவும் இல்லை என்று எழுதுவது மரபு. தேடிப் பார்ப்பது மரபன்று. ஆகவே இல்லை.

முதலில் அளவுகோல். ரேட்டிங் கணக்கை வகுத்தவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்தவர். அவர் முறையை 1960-ல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயும் ஏற்றன. ஆட்டக்காரரின் திறனை அளப்பது, தண்ணீரில் எழும்பி அமிழும் தக்கையைக் காற்றிலாடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு ஒப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த அடக்கம் பின்வந்த ஆய்வாளரிடம் காணப்படவில்லை. அவர்கள் இரண்டு தசம இடம் வரை அளக்கிறார்கள்.

இனி வயதுப் பகுப்பு. இந்தியப் போட்டிகள் 7, 9, 11 என்று ஒற்றைப்படையில் பிரிக்கின்றன. ஃபிடே 8, 10, 12 என்று இரட்டைப்படையில் பிரிக்கிறது. இதில் ஒத்து வராத குழந்தை அதில் ஒத்து வரும் என்பது பெற்றோரின் கண்டுபிடிப்பு.

ஏழு வயதுக்குட்பட்டோர்: 2024-ல் கொல்கத்தாவில் மூன்று வயது எட்டு மாதக் குழந்தை ஒன்று ஃபிடே ரேட்டிங் பெற்றுவிட்டது. மேற்கொண்டு சொல்வதற்கில்லை.

ஏழு முதல் பதின்மூன்று: பின்னர் விரிவாகக் கூறுதும்.

பதினான்கு முதல் பதினேழு: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ. பலகை பரண்மேல் ஏறும் பருவம்.

முப்பது முதல் நாற்பது: வீட்டுக்கடன்.

நாற்பத்தைந்துக்கு மேல்: பிள்ளையைப் போட்டிக்கு அழைத்து வந்து, ஏழெட்டு மணி நேரம் மண்டப வாசலில் உட்கார்ந்து, அலுத்துப்போய், 'சும்மா இருக்கிறதுக்கு நாமளும் பேர் குடுத்தா என்ன' என்று நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள். இக்கட்டுரையின் துயரப் பாத்திரங்கள் இவர்களே.

அநாதி: திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சிவபெருமான் இளவரசியைச் சதுரங்கத்தில் வென்று மணந்ததாகத் தலபுராணம், இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். ஃபிடே விதிப்படி முதல் ரேட்டிங் பெற, ரேட்டிங் உடையவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். இறைவன் ஆடியதாகத் தெரிவது ஒன்று. ஆகவே அன்ரேட்டட். இதை வைத்துக்கொண்டு எலோ முறையையும் தமிழரே கண்டனர் என நிறுவும் கட்டுரை, நிதி வந்ததும் தனியே வெளிவரும்.

இனிக் கணக்கு. முடிச்சூர்ப் பெரியவர் ஒருவரின் ரேட்டிங் 1700 என்க. எதிரே ஒன்பது வயதுச் சிறுமி, ரேட்டிங் 1450. வித்தியாசம் 250. எலோ அட்டவணைப்படி பெரியவருக்குக் கிடைக்க வேண்டியது 0.81 புள்ளி. கிடைத்தது பூஜ்யம். இந்த இடைவெளியைப் பெருக்கும் எண்ணான கே ஃபேக்டர் அவருக்கு 20. ஆகவே ரேட்டிங்கில் 16.2 போயிற்று. பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு, 2300-ஐ எட்டாதவரை, கே ஃபேக்டர் 40. ஆகவே சிறுமிக்கு 32.4 வந்தது. இவரிடம் போனதைப் போல் இருமடங்கு அங்கே போய்ச் சேருகிறது. அப்படியும் அவள் ரேட்டிங் அவள் பலத்தை எட்டிப் பிடிப்பதில்லை. பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அவளோ தினமும் பள்ளிவிட்டு வந்து ஆன்லைனில் வகுப்புக் கேட்டு, இரவு வரை பொடிப்பொடியாகப் புதிர் போடுகிறாள். எழுதியிருப்பது 1450, உட்கார்ந்திருப்பது 1800.

இதனாற் சொல்லியது யாதோ எனின், ரேட்டிங் முதுமையால் இறங்குவதில்லை. எதிரே அமர்ந்த இளமையால் இறங்குகிறது. வயதுக்கு எதிரே ரேட்டிங்கைக் குறித்துக் கோடு இழுக்கும் அறிஞர் இவ்விரண்டையும் பிரித்தறியார். ஐம்பதில் மூளை மங்குகிறது என்று எழுதி, நெறியாளர் பெயரை முதலில் போட்டு, மாநாட்டுக்கு விமானம் ஏறிவிடுவர்.

இதிலிருந்து ஒரு கிளைவிதி. ஆடாதவரின் ரேட்டிங்கை ஃபிடே குறைப்பதில்லை. ஓராண்டு ஆடாவிட்டால் 'இன்ஆக்டிவ்' என்று குறியிடுவதோடு சரி. எனவே இவ்வட்டாரத்தில் அசைக்க முடியாத ரேட்டிங் உடையோர், ஆட்டத்தை விட்டவர்களே. 'அந்தக் காலத்துல நான் பத்தொன்பது நூறு' என்பவரைக் கூர்ந்து நோக்குக; இன்றும் அவர் பத்தொன்பது நூறுக்குக் குறையார் (சேலையூர் டீக்கடை, வாய்மொழி).

2024 மார்ச் 1 அன்று நிகழ்ந்தது வேறு. அன்று ஃபிடே, 2000-க்குக் கீழே இருந்த அனைவருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டித் தந்தது. 1450 காரர் 1670 ஆனார். 1000 காரர் 1400 ஆனார். ஒரே இரவில் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் இரண்டிலும் அறிவு பெருகிற்று. காலையில் ஆட்டம் பழையபடியே இருந்தது.

இப்போது, ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாத மாறி: கால்–தரை இடைவெளி.

போட்டி நடப்பது கல்யாண மண்டபத்தில், அல்லது பொறியியல் கல்லூரி அரங்கில். நாற்காலி, பந்திக்குப் போடும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் உயரத்துக்குச் செய்தது. அதில் ஒன்பது வயதுக் குழந்தை உட்கார்ந்தால் கால் தரையை எட்டாது. எட்டாத கால் சும்மா இராது, ஆடும். ஆடும் கால் மேசைக்கடியில் பெரியவரின் முழங்காலில் இடிக்கும். குழந்தை 'சாரி அங்கிள்' என்னும். பெரியவர் 'பரவால்லம்மா' என்பார். சொல்லி நிமிர்கையில் அவருடைய குதிரை காப்பின்றி நிற்கும் (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மூன்றாம் சுற்றில் தோற்றபின், மண்டப வராந்தா, முதல் காபி).

ஆடுகால் மூவகைத்து. முன்னும் பின்னும் ஆடுவது ஊசற்கால். நகர்த்தியதும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடுவது உலாக்கால்: பெரியவர் இருபது நிமிடம் யோசித்து நகர்த்தி, கிளாக்கை அழுத்தி, நிமிர்ந்து பார்த்தால் எதிரே யாரும் இல்லை. குழந்தை நான்கு மேசை தள்ளி நண்பனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடி வந்து, உட்காராமலே நகர்த்தி, தாளில் எழுதிவிட்டு, மறுபடி போய்விடும். இருபது நிமிடத்துக்கு இதுதானா மரியாதை என்று பெரியவர் எண்ணுவார், எண்ணத்தான் நேரம் இருக்கும், ஆடுவதற்கு இராது (மேலது, அதே ஊழியர், ஐந்தாம் சுற்றில் தோற்றபின், திருத்திய பதிப்பு, இரண்டாம் காபி, சர்க்கரை இல்லாமல்).

மூன்றாவது மடக்குகால். நாற்காலிமேல் முட்டி போட்டுப் பலகையின்மேல் கவிவது. இதுவே கொடிது. பெரியவருக்குப் பலகை தெரியாது. இரட்டைச் சடைதான் தெரியும். இவ்வகைக்கு எதிராக எந்தத் திறப்பு ஆட்டம் நன்று என்பதில் குரோம்பேட்டைக் கொள்கையினரும் பெருங்களத்தூர்க் கொள்கையினரும் மாறுபடுவர். சிசிலியன் கூடாது என்பதில் மட்டும் இருசாராரும் உடன்படுவர், குழந்தைக்கு அது இருபத்தைந்தாம் நகர்த்தல் வரை மனப்பாடம் ஆதலின் (ஆட்டக் குறிப்புத்தாள், பின்பக்கம், பென்சிலில் வரைந்த யானைக்குக் கீழே உள்ள எழுத்து, அதன் ஒரு பகுதி தயிர்சாதக் கறையால் சிதைந்துள்ளது, சிதைந்த பகுதிக்கு இரு உரைகள் உள, இரண்டும் தோற்றவர்களால் எழுதப்பட்டவை).

வரலாற்றுச் சான்றும் உண்டு. 1972-ல் மானுவல் ஆரோன் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில், பிளிட்ஸ் ஆட்டத்தில் வென்றவர் நாற்காலியில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே பழகினார். அவர் கால் தரையை எட்டியதா என்று ஒரு வரலாற்றாசிரியரும் குறிக்கவில்லை. இத்தகைய அலட்சியத்தோடுதான் இங்கே வரலாறு எழுதப்படுகிறது.

எதிர்ச்சான்றுகளையும் நேர்மையோடு பரிசீலித்தோம். 1986 முதல் 37 ஆண்டு இந்தியாவின் முதலிடத்தில் இருந்த ஆனந்தை, 2023 செப்டம்பர் பட்டியலில் 17 வயது குகேஷ் முந்தினார். அப்போது குகேஷின் கால் தரையைத் தாராளமாக எட்டியது. இது எம் கொள்கைக்குப் பாதகம். ஆகவே விதிவிலக்கு என்று நீக்கப்பட்டது. 75 வயதில், 2007 ஜனவரிப் பட்டியலில், உலக அளவில் 85-ஆம் இடத்தில் இருந்த விக்டர் கோர்ச்னாயும் அவ்வாறே நீக்கப்பட்டார். 2016-ல் பத்து வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன பிரக்ஞானந்தா வைத்துக்கொள்ளப்பட்டார். இதன்பின் தரவு கொள்கையோடு முழுமையாகப் பொருந்திற்று.

போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மண்டபம் பேசும்போது, நாற்காலி மேசையோடு மணைப்பலகைகளையும் சேர்த்துப் பேசுங்கள். எப்படியும் முகூர்த்தத்துக்கென்று வாங்கி வைத்திருப்பார்கள். பதின்மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரின் காலுக்குக் கீழேயும் ஒன்று போடுங்கள். வாடகை கூடுதலாகும் என்றால் நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களிடம் வசூலியுங்கள். தருகிறோம்.