கூரை இல்லாத ஹெரால்டு

வேங்கிக்காலில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏலமெல்லாம் ஏரி மீன் ஏலமும், சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலமும், சாராய வழக்கில் பிடிபட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்திப் போலீஸ்காரர்கள் விடுகிற ஏலமும்தான். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுகிறவரின் தொண்டையையும், யார் முகத்தையும் பார்க்காமல் நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போகிற மண்டிக்காரரின் சாமர்த்தியத்தையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் அப்படி ஒரு மரத்தடியில் நின்றிருப்பீர்கள். பழைய கார் ஒன்றுக்காக உலகப் பணக்காரர்கள் மண்டபத்தில் கூடி உட்காருவார்கள், 1962-இல் செய்த ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2018-இல் கலிஃபோர்னியாவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போகும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். ஓடி முடிந்த கார் காயலான் கடைக்குப் போகும். அதற்குமேல் அதற்கொரு வாழ்வு உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

யாரும் என்றா சொன்னேன், பாய் சொல்லித்தந்தார். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டம் பிறந்து, பின்னால் கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்து, வேலூர் ரோடு இன்றைக்கு இருக்கிற ரோடாக ஆவதற்கு முன், இரண்டு பெரிய புளியமரங்களுக்கு நடுவே தகரக்கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார் அவர். பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு அதுதான் திண்ணை. மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவிக் கொடுப்பதற்குக் கூலியாகக் கிடைத்த டீயின் ருசியை, இப்போது அதே இடத்தில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து குடிக்கிற காப்பியில் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

அந்தக் கொட்டகைக்குத்தான் ரைஸ்மில் முதலாளியின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் 1959-இல் பிறந்த கார். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் நம்மூர்க் கைகளே பூட்டி அனுப்பின. அம்பாசடரும் ஃபியட்டும் குடும்பஸ்தர்களாகப் போய்க்கொண்டிருந்த ரோட்டில், இரண்டே கதவோடு, பின்பக்கம் சின்னதாக வால் தூக்கிக்கொண்டு இது ஒன்று போகும். பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டுகளும் சேர்ந்து மேலே போய்விடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். “மெக்கானிக்கை நெனச்சுப் பார்த்துப் பண்ண வண்டி தம்பி இது” என்பார் பாய். உண்மையில் அது நெருக்கடியில் பிறந்த யோசனை. பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், தனித்தனித் துண்டுகளாகச் செய்து சேஸிஸின் மேல் போல்ட் போட்டு முறுக்குகிற மாதிரி அமைத்தார்கள். அதனால் கூரையையும் கழற்றலாம். அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ட்ரையம்ஃப் கம்பெனியே 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. பாய்க்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது, ஆனால் வண்டியைத் தொட்டவுடன் அவர் கைக்குத் தெரிந்துவிட்டது.

முதலாளியின் மூத்த மகன் சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்திருந்தார். யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில் ஓடிய கார்களில் பல, இப்படி உள்ளூர்ப் பட்டறைகளில் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்டியவைதான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வந்த பிறகு அந்தக் காலம் முடிந்தது. ஊர் திரும்பியவர் ஹெரால்டைப் பாயிடம் விட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: “பறக்கணும் பாய்.” பாய் கூரையைக் கழற்றினார். கழற்றினால் உடம்பு தளரும் என்று அடியில் இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டிங் அடித்தார். விபத்தில் நொறுங்கிய பத்மினி கார் ஒன்றின் 1089 சி.சி. எஞ்சினை வாங்கி, அது ஹெரால்டின் கியர்பாக்ஸோடு சேர லேத்தில் ஒரு தட்டு கடைந்து, இரண்டாவதாக ஒரு கார்புரேட்டரும் போட்டார். பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடி தேய்த்து அடித்த அந்தச் சிவப்புக்கு எந்தக் கம்பெனி அட்டையிலும் எண் கிடையாது. மூன்று டப்பாக்களைக் கலந்து அவரே கண்டுபிடித்த நிறம்.

பௌர்ணமி அல்லாத நாட்களில் கிரிவலப் பாதை காலியாகக் கிடந்த காலம் அது. பதினான்கு கிலோமீட்டரும் புளியமர நிழலும் மயில் சத்தமும்தான். மாலையில் டிரையல் பார்க்கிற சாக்கில் பாய் என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வார். கூரை இல்லாத வண்டியிலிருந்து மலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அண்ணாமலை அன்றைக்குத் தலைக்குமேல் முழுசாக இருந்தது, நாம் திரும்புகிற பக்கமெல்லாம் அதுவும் திரும்பியது. அடி அண்ணாமலையில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கூடவே ஓடி வருவார்கள். இன்று அதே பாதையில் பெங்களூர், ஹைதராபாத் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் போன் திரையில் மலையைப் பார்க்கிறார்கள். ரோடு நன்றாக இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நடப்பவர்களுக்குத் தனி நடைபாதை இருக்கிறது, எல்லாம் நல்லதுதான். அந்தக் காற்று மட்டும் அவர்கள் முகத்தில் படவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த ஹெரால்டு இன்னும் இருக்கிறது. முதலாளியின் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். சென்ற வருஷம் போன் செய்து, “மாமா, அதை ஒரிஜினலா மாத்தப்போறேன். புதுப்பேட்டையில ஒரு கூரை இருக்காம், பழைய எஞ்சினும் தேடிக்கிட்டிருக்கேன்” என்றான். காரணமும் சரியாகத்தான் சொன்னான். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டியை ‘விஏ’ எழுத்துள்ள தனி எண்ணோடு பதியலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வயசால் ஹெரால்டுக்குத் தகுதி வந்துவிட்டது, பாயின் கைவேலையால் அது போய்விட்டது. கம்பெனி வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காகச் சொன்னது, ரோட்டில் நடக்கிறவர்களை நினைத்தால் அதை நான் மறுக்க முடியாது.

விலை விஷயத்தில்தான் அவனோடு ஒத்துப்போக முடியவில்லை. ‘மாத்தின வண்டிக்கு மதிப்பில்ல மாமா’ என்றான். அவனுக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்கிற பென்ட்லியின் கதையைச் சொன்னேன். 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த கார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் எஞ்சினே வேறாகி எட்டு லிட்டர் ஆனது. 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்க, வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் காரின் வாழ்க்கையை வருஷவாரியாகப் பார்த்தார். 1929-இன் இரும்பு அதில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. ஆனாலும் ஒரு நாளும் அது வேறு காராக ஆகிவிடவில்லை, வரலாறு அறுபடாமல் வருகிறது, ஆகவே அந்தப் பெயருக்கு உரியது இதுவே என்று தீர்ப்பளித்தார். கரோல் ஷெல்பி என்பவர் 1962-இல் செய்த முதல் கோப்ரா கார் என்ன? இங்கிலாந்தின் ஏசி கம்பெனிக் கார் உடம்புக்குள் அமெரிக்க ஃபோர்டு எஞ்சினை இறக்கிய கலப்பு. 2016-இல் அது ஏலத்தில் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதைப் பிரித்துப் பழைய ஏசியாக ஆக்கு என்று யாராவது கேட்பார்களா?

மாற்றியதை மறைத்து, சேஸிஸ் எண்ணைத் தட்டி விற்பவன் திருடன். அவனைப் பிடிக்கத்தான் எண்ணும் காகிதமும் வேண்டும். மாற்றியதைச் சொல்லி விற்பவன் மெய்யான வண்டியைத்தான் விற்கிறான். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் நாம் வடம் பிடிக்கிற மகா ரதத்துக்கு 2024-இல் பழுதான மரங்களை மாற்றி வெள்ளோட்டம் விட்டார்கள், இது நம்ம பெரிய தேர் இல்லை என்று மாட வீதியில் ஒருவரும் சொல்லவில்லை. புதுப்பேட்டைக் கூரையை மாட்டினால் கிடைக்கப்போவது எந்த ஊரிலும் ஓடாத, யாரும் ஏறிப் பார்க்காத ஒரு ஹெரால்டு. அடி அண்ணாமலைப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்த வண்டி அதுவல்ல. இன்று ஆர்எக்ஸ் 100 பைக்குகளுக்கும் இதுதான் நடக்கிறது; எங்கள் ஊர் மெக்கானிக்குகள் செய்த எத்தனையோ அருமையான வேலைகள் ‘ரெஸ்டோரேஷன்’ என்ற பெயரில் கழற்றி எடைக்குப் போகின்றன.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் ஆவின் டிப்போ பக்கம் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிறார். அவர் வீட்டுப் பரணிலிருந்து பில் புத்தகங்கள் சில கிடைத்தன. எஞ்சின் எங்கே வாங்கியது, தட்டு எந்த லேத்தில் கடைந்தது, ஆங்கிள் எத்தனை அடி என்று உருதும் தமிழும் கலந்த கையெழுத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் தேதி வரிசைப்படுத்தி, ஆர்.சி. புக்கோடு வைத்துக்கொள் என்று பேரனுக்கு அனுப்பியிருக்கிறேன். கூரை வாங்குகிற பேச்சை நிறுத்தியிருக்கிறான், விட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது. நேற்று கேட்டான்: “மாமா, அந்தச் சிவப்புல மூணாவது டப்பா என்ன கலர்?” பில்லில் இரண்டுதான் எழுதியிருக்கிறது, பாய் மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.