முதுகில் நெருப்பு: முதல் டர்பைன் வாங்குவோர் கேள்விகள்

கே: ரிமோட் மாடல் ஜெட்டுக்கு முதன்முதலாக டர்பைன் வாங்கப் போகிறேன். எதை வாங்கலாம்? ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா.

ப: நீங்கள் பறக்கவிடும் மைதானத்தில் ஏற்கெனவே ஒருவர் கையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை வாங்குங்கள்.

கே: ஒரு வரி போதவில்லை!

ப: தெரியும். விரித்தே சொல்கிறேன். ஜெர்மனியின் ஜெட்கேட், தைவானின் கிங்டெக், ஸ்பெயினின் ஜெட்ஸ் முன்ட், நெதர்லாந்தின் ஏ.எம்.டி. என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். கழற்றிப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். முன்னால் காற்றை அமுக்க ஒரு கம்ப்ரசர் சக்கரம், நடுவில் வளையமாக எரியறை, பின்னால் டர்பைன் சக்கரம், சக்கரங்கள் இரண்டையும் கோத்திருக்கும் ஒற்றைத் தண்டு. விலைப் பட்டியலில் உள்ள நுண்ணிய வித்தியாசங்கள் முதல் ஆண்டில் உங்களுக்குப் பெரிதாகத் தெரியப்போவதில்லை.

தெரியப்போவது வேறு. பல நிறுவனங்கள் 25 மணி நேரம் ஓடியதும் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கின்றன. ஒரு பறப்பு ஏழு நிமிடம் என்றால் 200க்கு மேற்பட்ட பறப்புகள் கிடைக்கும். பிறகு இன்ஜினை எங்கே அனுப்புவது? கடல் தாண்டி அனுப்பினால் போக்குவரத்துச் செலவு, சுங்கத் தாள்கள், மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்கு முன்பே ஒரு ஞாயிறு காலை ஸ்டார்ட் ஆகாமல் திரையில் ஒரு பிழைச் செய்தி காட்டி நிற்கும். அந்த நேரத்தில், 'அது ஒன்றுமில்லை, பற்றவைக்கும் குளோ பிளக் போயிருக்கும்' என்று பக்கத்திலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவர் வைத்திருக்கும் இன்ஜின் கூடவே வரும்.

கே: 100 நியூட்டன் இன்ஜினுக்கும் 180 நியூட்டன் இன்ஜினுக்கும் விலையில் மலையளவு வித்தியாசமில்லை. பெரிதாகவே வாங்கிவிட்டால் பிறகு உதவுமே?

ப: பிறகு உதவும் என்று பத்து வயதுப் பையனுக்குப் பெரியவர் செருப்பு வாங்க மாட்டோம்.

முதலில் விமானத்தை முடிவு செய்யுங்கள், இன்ஜின் அடுத்தது. முதல் ஜெட்டுக்கு என்றே வடிவமைத்த பயிற்சி விமானங்கள் இருக்கின்றன. பூமராங் வகை நல்ல உதாரணம். அகன்ற இறக்கை, பெரிய ஃபிளாப்கள், தாங்கிப்பிடிக்கும் சக்கரக் கால்கள், எளிதில் கை எட்டும்படி முதுகின் மேலேயே இன்ஜின். எரிபொருளோடு சேர்த்து 10 கிலோ எடையுள்ள இப்படியொரு விமானத்துக்கு 80 முதல் 100 நியூட்டன் வரை தாராளம். 100 நியூட்டன் என்பது ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கி நிறுத்தும் விசை.

அளவுக்கு மீறிய இன்ஜினின் தொல்லை வானத்தில் பாதி, தரையில் மீதி. இன்ஜின் பெரிதானால் ஐடிலில் மிஞ்சும் தள்ளுவிசையும் பெரிதாகும். த்ராட்டிலை முழுக்க இறக்கிய பிறகும் விமானம் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும், தரை தொட்டபின் பிரேக்கோடு மல்லுக்கட்டும். வேகமோ இன்னும் பெரிய கவலை. அமெரிக்காவின் மாடல் விமானச் சங்கமான ஏ.எம்.ஏ., டர்பைன் மாடல்களுக்கு மணிக்கு 200 மைல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நொடிக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர். இடதா வலதா என்று நீங்கள் இரண்டு நொடி யோசித்தால் விமானம் 180 மீட்டர் போயிருக்கும். பெரிய இன்ஜின் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான ஈ.சி.யு.வில் உச்சச் சுற்றுவேகத்தைக் குறைத்து வைக்க வழியிருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். பட்டியலில் அச்சிட்ட தள்ளுவிசை பொதுவாக 15 டிகிரி வெப்பத்துக்கும் கடல்மட்டத்துக்கும் கணக்கிட்டது. 38 டிகிரி மே மாத மதியத்தில் காற்றின் அடர்த்தி மட்டுமே 7 சதவீதம் குறைந்துவிடும். தள்ளுவிசையும் கூடவே இறங்கும். நம் ஊர் வெயிலுக்குப் பத்து நியூட்டன் கூடுதலாக வைத்துக்கொள்வது ஆடம்பரமாகாது.

கே: அப்படியானால் தள்ளுவிசைக்கு அடுத்தபடியாக எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ப: அடுத்தபடியாக என்ன, முதல்படியாகவே பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு வர எத்தனை நொடி?

புரொப்பல்லர் விமானம் ஓட்டிப் பழகிய கைக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. அங்கே குச்சியைத் தள்ளினால் உடனே இழுவை. டர்பைனில் குச்சியைத் தள்ளுவது ஒரு விண்ணப்பம் கொடுப்பது மாதிரிதான். அதை ஏற்று எரிபொருளை எவ்வளவு வேகமாகக் கூட்டலாம் என்று முடிவெடுப்பது ஈ.சி.யு.தான். ஒரேயடியாக எரிபொருளைக் கொட்டினால் சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் உள்ளே வெப்பம் எகிறிவிடும். அதனால் படிப்படியாகத்தான் கூட்டும். பல இன்ஜின்களில் இதற்கு மூன்று முதல் ஐந்து நொடி ஆகும்.

தரையிறங்கும் வேளையில் இதைக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நாலு நொடியில் 65 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓடுபாதைக்கு முன்னால் வேலி தெரிந்த பிறகு த்ராட்டிலைக் கூட்டினால், விசை வந்து சேரும் இடம் வேலிக்கு அந்தப் பக்கம். பாதி வேகத்திலிருந்து முழு வேகத்துக்குப் போவது மிக விரைவு; மந்தம் எல்லாம் கீழ்ப்பகுதியில்தான். அதனால் இறங்கி வரும்போது ஃபிளாப்பை முழுதாக இறக்கி, ஐடிலுக்குச் சற்று மேலேயே இன்ஜினை வைத்துக்கொண்டு வரப் பழகுங்கள். மறுசுற்றுப் போவதா என்பதைக் கடைசித் திருப்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒத்த தள்ளுவிசையுள்ள இரண்டு இன்ஜின்களில் ஒன்று மூன்று நொடியிலும் மற்றது ஐந்து நொடியிலும் எழும் என்றால், மூன்று நொடி இன்ஜினுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கே: நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று என்கிறார்களே, விளம்பரத்துக்குச் சொல்வதா?

ப: உண்மையிலேயே அவ்வளவு சுற்றுகிறது. 100 நியூட்டன் வகை இன்ஜின்கள் அந்த அளவில்தான் ஓடுகின்றன. 60 மில்லிமீட்டர் சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுற்றினால், விளிம்பின் வேகம் நொடிக்கு 470 மீட்டர். ஒலியின் வேகத்தைத் தாண்டியாயிற்று. ஜெர்மானியர் குர்ட் ஷ்ரெக்லிங் தொடக்க காலத்தில் கார்பன் இழை சுற்றிய மரச் சக்கரத்தை வைத்தே, இதைவிடக் குறைந்த சுற்றுவேகத்தில், டர்பைனை ஓட்டிக் காட்டினார். வீட்டுப் பட்டறையிலேயே டர்பைன் செய்ய முடியும் என்று 1990களின் தொடக்கத்தில் அவர் எழுதிய நூல்தான் பலருக்கு வழி திறந்தது. இன்று பெட்டியைப் பிரித்துக் குழாய் மாட்டிப் பறக்கவிடும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

கே: மண்ணெண்ணெயில் ஓடும் என்கிறார்கள். ரேஷன் கடையில் வாங்கிக்கொள்ளலாமா?

ப: கூடாது. நீலச் சாயம் கலந்த அந்த மண்ணெண்ணெய் அட்டைதாரர் வீட்டு அடுப்புக்கும் விளக்குக்கும் உரியது. வேறு வேலைக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. சுத்திகரித்த மண்ணெண்ணெய், கிடைத்தால் விமான எரிபொருள் ஜெட் ஏ-1, இல்லையேல் டீசல். பல இன்ஜின்கள் டீசலை முகம் சுளிக்காமல் குடிக்கும். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதை ஊற்றினாலும் எண்ணெய் கலக்க மறக்கக் கூடாது. இந்த இன்ஜின்களில் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளிலேயே ஒரு பங்கு பிரிந்து போய் பேரிங்குகளை நனைக்கிறது. 5 சதவீதம் என்றால் 20 லிட்டர் கேனுக்கு ஒரு லிட்டர். கலந்த கேனில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். டர்பைன் எண்ணெய் தோலுக்கு ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கே: பறந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்துவிடுவது ஏன்? விலை மலிவான இன்ஜின் என்பதாலா?

ப: அணைந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை நிரபராதிகள். குற்றவாளி அநேகமாக ஒரு காற்றுக் குமிழி.

100 நியூட்டன் இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 முதல் 400 மில்லி வரை குடிக்கும். அந்த ஓட்டத்தில் குமிழி ஒன்று பம்புக்குள் நுழைந்தால், அந்தக் கணத்துக்கு எரியறைக்கு எரிபொருள் இல்லை, தீ அவ்வளவுதான். அதனால்தான் பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் குமிழி பிடிக்கும் குட்டி டேங்க் ஒன்றை வைக்கிறோம். அதை விளிம்புவரை நிரப்பிய பிறகே விமானம் நகர வேண்டும்.

இங்கே புதியவர்களைத் திணறடிக்கும் ஒன்று இருக்கிறது. பம்புக்குப் பிந்திய குழாயில் ஓட்டை என்றால் மண்ணெண்ணெய் வெளியே கசியும், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முந்திய குழாயில் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அங்கே ஓட்டை என்றால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. இன்ஜின் தரையில் ஓடும்போது பம்புக்கு முன்னுள்ள குழாயின் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, முழு த்ராட்டிலில் முப்பது நொடி கண் எடுக்காமல் பாருங்கள். ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகப் போனால், அதற்கு முந்திய இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும்.

கே: முதலில் மின்விசிறி ஜெட்டில், அதாவது ஈ.டி.எஃப்.பில் பழகிவிட்டு வரலாமா?

ப: தாராளமாக. ஜெட்டின் வேகத்துக்கும் இறங்கும் விதத்துக்கும் கண் பழகும். மின்விசிறி உடனே விசை கொடுத்துவிடும் என்பதால், நாலு நொடிப் பொறுமையை மட்டும் டர்பைனிடம்தான் கற்றுக்கொள்ள முடியும்.

கே: பழைய இன்ஜின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

ப: விற்பவர் சொல்லும் மணிக்கணக்கை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, ஈ.சி.யு.வின் திரையைத் திறந்து பாருங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் பதிவாகியிருக்கும். பெரும்பாலானவற்றில் கடைசியாக ஏன் நின்றது என்பதும் இருக்கும். அடுத்து, பின்பக்கமாக விளக்கடித்து டர்பைன் இறக்கைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள வளையத்தையும் பாருங்கள். உரசிய கோடு தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கலாம். சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிவிட்டுக் காதை அருகில் வையுங்கள். நறநறவென்று மணல் அரைபடுகிற சத்தம் கேட்டால் சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால் பேரம் பேச வேண்டியதே இல்லை.

கே: ஸ்டார்ட் ஆகும்போது பின்னால் தீ கக்குகிறதே, என் மகள் பயப்படுகிறாள்.

ப: உள்ளே நடப்பதைச் சொல்லிக்கொடுங்கள், பயம் போய்விடும். முதலில் பற்றவைக்கும் பிளக் சூடாகும், சத்தமே இருக்காது. பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார் 'ர்ர்' என்று சக்கரத்தை உருட்டும். வால்வு டிக் டிக்கென்று துடிக்கும், எரிபொருள் துளித்துளியாக இறங்கும். மெல்ல ஒரு 'புஃப்'. தீ பிடித்துவிட்டது. அதன்பின் சுருதி ஏறிக்கொண்டே போய் ஐடிலில் நிலைக்கும். ஸ்டார்ட்டர் விலகிக்கொண்டு, கட்டுப்பாடு உங்கள் குச்சிக்கு வரும்.

வாலில் ஒரு நாக்கு தீ எட்டிப்பார்த்து உடனே உள்ளே போனால் கவலையில்லை. நீண்டு நின்று எரிந்தால் முந்தைய முயற்சியில் எரியாத மண்ணெண்ணெய் உள்ளே தேங்கியிருக்கிறது. ஸ்டார்ட்டை நிறுத்துங்கள், தீயணைப்பானோடு ஒருவர் தயாராக நிற்கட்டும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் வேண்டும். தூள் வகையை அடித்தால் தீயோடு இன்ஜினும் போகும். காய்ந்த புல்வெளியில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கே: இந்தியாவில் இதற்கு விதிகள் உண்டா?

ப: உண்டு. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளில் மாடல் விமானங்களுக்குத் தனி வகை இருக்கிறது: மொத்த எடை 25 கிலோவுக்கு மிகாமல், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள், பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்காக மட்டும். நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மைதானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினுக்குப் பணம் கட்டுங்கள்.

கே: வாங்கிவிட்டேன்! பெட்டி மேசையில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய?

ப: வாழ்த்துகள்! விமானத்தில் பொருத்தாதீர்கள். கனமான மேசையிலோ ஸ்டாண்டிலோ இறுக்கிப் பூட்டுங்கள். காது மூடி போடுங்கள். சக்கரங்களுக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம். முன்புறம் சற்று விலகி நில்லுங்கள். தளர்ந்த சட்டை, கழுத்துத் துண்டு, சிதறிக் கிடக்கும் திருகு எதுவும் காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு டேங்க் எரிபொருள் தீரும்வரை ஐடில், பாதி, முழு வேகம் என்று மாற்றி மாற்றி ஓட்டி, கையில் கடிகாரத்தோடு அந்த மூன்று நொடியோ ஐந்து நொடியோ எவ்வளவு என்று நீங்களே அளந்து எழுதுங்கள். நிறுத்தியதும் ஈ.சி.யு. ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி இன்ஜினை ஆறவைக்கும். அது முடியும்வரை பேட்டரியைக் கழற்ற வேண்டாம்.