கதோட்டு மாஸ்ரர்

நெல்லியடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு மின்பகுப்பு தண்ணீர்பட்ட பாடு. அதனாலேயே, கொடிகாமம் வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கெண்டைக்காலில் தகடு வைத்த பிறகு நான் ஊருக்கு ஒரு உபத்திரவமாகிப் போனேன். பார்க்க வந்தவர்கள் நெஸ்ரமோல்ட் பைக்கற்றை மேசையில் வைக்கமுன்னமே தொடங்கிவிடுவேன்: "தகட்டுக்குக் கரண்ட் குடுத்தால் கிருமி செத்துப்போம், தெரியுமோ?"

விசயம் பொய்யில்லை. உடம்புக்குள் உலோகம் போனதும், அதன்மேல் முதலில் குடியேறுவது யார் என்று எங்கள் கலங்களுக்கும் பற்றீரியாவுக்கும் போட்டி தொடங்குகிறது என்று அந்தனி கிறிஸ்ரினா 1987 இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். பற்றீரியா முந்தினால் கிணற்றுக்கட்டுப் பாசி மாதிரிப் படலம் கட்டிவிடும். பிறகு மருந்து அதற்குள் சரியாக எடுபடாது. சிறு மின்னோட்டம் சேர்த்தால் அந்தப் படலத்திலும் கிருமிகொல்லிகள் நன்றாக வேலை செய்கின்றன என்று பில் கொஸ்ரேற்றன் குழுவினர் 1992 இல் காட்டினார்கள். 2015 இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குள் வைத்த தைத்தேனியத்தில், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்ரைபிலோகொக்கஸைத் தொற்றவிட்டு, -1.8 வோல்ட் ஒரு மணித்தியாலம் கொடுத்தார்கள். உலோகத்தில் ஒட்டியிருந்தவற்றில் ஏறத்தாழ 98% குறைந்தது. உலோகம் கதோட்டாகும்போது ஐதரொட்சைட்டு உண்டாகி, அதை ஒட்டிய இடம் காரமாகிவிடும். பற்றீரியாவுக்கு அங்கே சீவியமில்லை.

இவ்வளவும் பேசிய வாய், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வெறும் வயிற்றில் போடச் சொன்ன குளோக்சசிலினை ஒழுங்காக விழுங்கவில்லை. நடுச்சாமக் கப்சூலுக்கு அலாரம் வைத்தேன். அடித்ததும் நிற்பாட்டிவிட்டுப் படுத்தேன். காயம் காய்ந்ததுபோலத் தெரிந்ததும் மிச்சத்தை அலுமாரிக்குள் தள்ளினேன். பிறகு சொப்பின் பையைக் காலில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பை ஓட்டை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று கிளினிக்கில் சொன்னதும் ஒருவகையில் உண்மைதான். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடித்தேன். சலரோகக்காரனுக்கு இரத்தத்தில் சீனி ஏறினால் தொற்றும் சுகமாக ஏறும் என்பதை நான் அறியாதவனல்லன்.

கிளினிக்கில் மிஸி கட்டை அவிழ்த்தா. கடைசித் தையலடியில் மஞ்சளாக ஒரு சொட்டு.

"மாஸ்ரர், மருந்து ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"ஓம் மிஸி."

பின்னால் நின்ற மனைவி கைப்பையைத் திறந்து கப்சூல் அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினா. "இஞ்ச பாருங்கோ, இவ்வளவும் மிச்சம்."

பேச்சை மாற்ற டொக்டரிடம் கதோட்டுக் கதையை எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கட காலுக்க இருக்கிறது தைத்தேனியமோ, கறையில் உருக்கோ?" என்றார். எனக்குத் தெரியாது. அப்படியொன்றைக் கேட்கவேண்டும் என்றே தோன்றியிருக்கவில்லை. அனோட்டில் எந்த உலோகம் எப்படி அரிபடும் என்று வருசாவருசம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

நல்லகாலம், தொற்று தோலோடு நின்றது. தகட்டைக் கழற்ற வேண்டி வரவில்லை. மின்சார வைத்தியம் எங்கள் விடுதிகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. தயவுசெய்து யாரும் வீட்டில் பற்றரி பூட்டிப் பார்க்கவேண்டாம். தகடு வைத்த இடத்தில் சிவப்போ கசிவோ கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். மிஞ்சிய கப்சூல்களை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள், வீட்டுக்காரி காட்டமுதல்.