உப்பு எந்தப் பக்கம்?

சமையல் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவர் முதலில் தேடுவது உப்பை. அட்டையைப் பார்ப்பதில்லை, எழுதியவர் பெயரையும் பார்ப்பதில்லை. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, 'தேவையான பொருட்கள்' பட்டியலின் கடைசி வரிக்குப் போவார். அங்கே 'உப்பு: தேவையான அளவு' என்று இருந்தால் புத்தகம் படாரென்று மூடப்படும்.

"தேவையான அளவு எவ்வளவுன்னு தெரிஞ்சா நான் ஏன் தம்பி நூத்தம்பது ரூபா குடுக்கப் போறேன்?"

கடைக்காரத் தம்பிக்குப் பதில் தெரியாது. கேள்வி நியாயமானதுதான். உப்பின் அளவு போட்டிருந்தாலும் அவர் நூற்றைம்பது ரூபாய் கொடுக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கள்ளக்குறிச்சியில் இந்த வகை மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையில் கணக்கெழுதியவராக இருக்கலாம், சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிக்கு எடை போட்டவராக இருக்கலாம், தொடக்கப்பள்ளி வாத்தியாராகவும் இருக்கலாம். ஓய்வு பெற்ற மறுநாளே வாசகராகிவிடுவார்கள். காலையில் நூலகம், மாலையில் பேருந்து நிலையத்துப் பக்கம் புத்தகக் கடை, புத்தகத் திருவிழா வந்துவிட்டால் பத்து நாளும் அங்கேதான். நாவலைத் தொடமாட்டார்; அடுத்தவன் வீட்டு வம்பு அவருக்கு எதற்கு? கவிதை பற்றி அவருக்குக் கருத்தே கிடையாது. தமிழ்நாட்டில் இது அபூர்வமான குணம், பாராட்ட வேண்டும். அவருடைய ஆட்சி நடப்பது மூன்று அலமாரிகளில்: சமையல், சுயசரிதை, 'நீங்களும் வளர்க்கலாம்' வகையறா. இவற்றில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. கருத்து மட்டும் முழுதாக இருக்கும். அதைவிட எரிச்சலான சங்கதி, அந்தக் கருத்து பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

வீட்டில் இருக்கும் ஒரே சமையல் புத்தகம் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம், 1951இல் வெளிவந்தது. இவர் வீட்டில் இருப்பது பிற்காலப் பதிப்பு, அம்மா வீட்டிலிருந்து மனைவி கொண்டுவந்தது. மாமியார் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காத வீட்டிலும் ஒரு பெண் சமைத்துவிட முடியும் என்று நிரூபித்த நூல் அது. மீனாட்சி அம்மாள் அளவு விஷயத்தில் கறாரானவர் என்பதால் இவர் அவரைக் குறை சொல்வதில்லை. ஒரே ஒரு வருத்தம்: முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடியும் கறிக்குழம்பு இல்லை. மனைவிக்கு அந்த வருத்தமும் இல்லை. கேஸ் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் பத்திரப்படுத்த அதைவிடத் தோதான புத்தகம் அவர் பார்த்ததில்லை.

'நான்கு பேருக்கு' என்ற வரியும் அவருக்கு ஆகாது. "எந்த நாலு பேருன்னு சொல்லணும்ல? என் மச்சான் வந்தா அவர் ஒருத்தரே நாலு பேரு."

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தாலும் அறிவித்தது, சமையல் அலமாரி முழுக்கச் சாமையும் தினையும் வரகுமாக நிரம்பிவிட்டது. இவர் நெல்லுச்சோற்றுப் பரம்பரை. சுற்றிலும் அரிசி ஆலைகள் இரைகிற ஊரில் பிறந்தவருக்குச் சாமை என்பது மலைமேல் இருக்கிறவர்கள் சாப்பிடுவது. ஒரு காலத்தில் அதைச் சொல்லும்போதே முகத்தில் ஒரு சுளிப்பு வரும். இப்போது சாமைப் பொங்கல், சாமை பிரியாணி, சாமை கேக் என்று வழவழப்பான தாளில் வண்ணப் படத்தோடு பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது. வந்த மரியாதையை உரிய இடத்தில் செலுத்திவிடுவது என்று, நூலகத்தில் எடுத்த சிறுதானியப் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒருநாள் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறினார். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து வெள்ளிமலை. அங்கே கூடையில் சாமை அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மலையாளி அம்மாவிடம் (மலையாள தேசத்து மலையாளி அல்ல, மலையை ஆளுகிற பழங்குடி) போய்ச் சாமை சமைக்கும் முறையை விளக்க ஆரம்பித்தார்.

"எட்டு மணி நேரம் ஊற வைக்கணும்மா. புஸ்தகத்துலயே போட்டிருக்கான்."

"எட்டு மணி நேரமா? எதுக்கு சாமி? ஒல கொதிச்சதும் போட்டா வெந்துடப் போவுது."

இவர் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அந்த அம்மா படத்தை ரசித்துப் பார்த்தார். சாமையின் மேல் தோல் லேசில் விடாது. இயந்திரம் வராத காலத்தில் உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தித்தான் உமியைப் பிரித்தார்கள். கை கன்றிப்போகும் வேலை. புத்தகத்தில் அதெல்லாம் 'சாமை அரிசி: ஒரு கப்' என்று நான்கு சொல்லில் முடிந்திருந்தது.

"ஊற வைக்கறது கெடக்கட்டும் சாமி. குத்தறது யாருன்னு போட்டிருக்கா அதுல?"

கீழே இறங்கி வந்ததிலிருந்து இந்தக் கேள்வியைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டார். உப்புச் சோதனையில் தேறிய புத்தகத்துக்கு இப்போது இந்த இரண்டாவது சோதனை. அதிலும் தேறிய புத்தகம் இதுவரை இல்லை.

'நீங்களும் வளர்க்கலாம்' அலமாரியில் அவர் அனுபவஸ்தர். பரிசோதனைக்கு அஞ்சாதவர் என்றும் சொல்லலாம். பரிசோதனை நடப்பது மனைவியின் பாத்திரத்தில். சிப்பிக் காளான் வளர்ப்புப் புத்தகம் ஒன்றில் பாதி படித்தார். வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஊறவைக்க வேண்டும், பிறகு ஆவியில் வேகவைக்க வேண்டும், ஆறியதும் பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஓர் அடுக்கு என்று நிரப்பிக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆவி என்றதும் வீட்டில் ஆவி வருகிற பாத்திரம் ஒன்றுதானே ஞாபகத்துக்கு வரும்? மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் இட்லி குண்டானில் வைக்கோல் வெந்தது.

"ஏங்க, இந்தக் குண்டான்ல இனிமே மாட்டுக்குத்தான் இட்லி ஊத்தணும்" என்றார் திரும்பி வந்த மனைவி.

வெந்த வைக்கோலைப் பையில் நிரப்பி, வீட்டிலேயே குளிர்ந்த இடம் என்று குளியலறையில் தொங்கவிட்டார். குளிக்கிறவர்கள் தலையில் இடித்துக்கொண்டு குளித்தார்கள். பையில் முளைத்தது பச்சைப் பூசணம். படிக்காமல் விட்ட மீதிப் பாதியில்தான் வெப்பநிலை எழுதியிருந்தது: இருபத்தைந்து டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. சித்திரை மாதத்துக் கள்ளக்குறிச்சியில் இருபத்தைந்து டிகிரி வேண்டுமென்றால் பையை நகைக்கடைக்குள்தான் தொங்கவிட வேண்டும். அன்றிலிருந்து அவர் கட்சி இது: இப்படிப்பட்ட புத்தகங்களில் ஆசிரியர் எந்த ஊரில், எந்த மாதத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பதை அட்டையிலேயே போட வேண்டும். "முப்பது நாளில்னு போடறான். மார்கழி முப்பது நாளா, சித்திரை முப்பது நாளா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிப்பாளர்களிடம் இருக்கலாம்.

தேனீ வளர்ப்பும் நடந்தது, சுருக்கமாக. பெட்டி வந்தது, தேனீ வரவில்லை. கல்வராயனில் உயரமான மரத்திலும் பாறையிலும் பெரிய அடை கட்டுகிற மலைத்தேனீயைப் பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாது, பெட்டிக்கு உரியது பொந்துத் தேனீ என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. பெட்டியில் இப்போது பழைய வார இதழ்கள் இருக்கின்றன. மரச்சிற்பம் கற்றுத்தரும் புத்தகத்தை மட்டும் அவர் தொடவே இல்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர்க்காரர்; பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வாகைப் பலகைக்குள்ளிருந்து யாளியின் ஒரு காது வெளியே வருவதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். அதைப் படம் போட்டு விளக்குகிறவரை அவர் நம்பத் தயாராக இல்லை.

சுயசரிதைக்கு வேறு முறை. முதலில் நடுவில் இருக்கும் புகைப்படங்கள். படத்தில் யார் யார் தோளில் கை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும் என்பார். அடுத்து, நம்ம ஊர் பேர் வருகிறதா என்ற தேடல். தமிழ்ச் சுயசரிதைகளில் கடைசியில் பெயரடைவு போடும் வழக்கம் குறைவு. எனவே 'கள்ளக்குறிச்சி' என்ற சொல்லுக்காகப் புத்தகம் முழுவதையும் விரலால் ஓட்டியாக வேண்டும். எல்லாப் பக்கங்களையும் அவர் கண்ணால் பார்ப்பது இந்த ஒரு வேலையில்தான். பேர் இல்லையென்றால், "பெரிய மனுசன்தான், ஆனா விசயம் பத்தாது."

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' மீது அவருக்கு அலாதி மரியாதை. எண்பத்தைந்தை எட்டிய வயதில் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதத் தொடங்கியது, 1942இல் அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. "சுயசரிதைன்னா எண்பதுக்கு மேலதான் தம்பி எழுதணும். அப்பதான் 'அப்படி நடக்கல'ன்னு சொல்றதுக்கு ஆள் இருக்காது." கண்ணதாசனின் 'வனவாச'த்துக்கு நேர்மாறான பாராட்டு: எதிரி எழுத வேண்டியதைத் தானே முந்திக்கொண்டு எழுதிவிட்டாராம், எதிரிக்கு வேலையே வைக்கவில்லையாம். 'நெஞ்சுக்கு நீதி' ஆறு பாகம் என்று கேள்விப்பட்டதும் "கட்டில்காலுக்கு நாலு போதுமே" என்றார். கடையில் நின்ற கட்சிக்காரர் முறைத்ததும் "ஒசரம் பத்தாதுன்னா ஆறும் வேணும்" என்று திருத்திக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் அவரோடு நான் முழு உடன்பாடு. எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை என்பார். கல்வராயன் மலை நாடு விடுதலை பெற்ற பிறகும் மூன்று ஜாகிர்களின் கையில்தான் இருந்தது. அரசு முழுதாக எடுத்துக்கொண்டது 1976இல். அந்த ஜாகிர்தார் ஒருவர் எழுதியிருந்தால், அல்லது அவருக்கு வரி கட்டியவர் எழுதியிருந்தால், புகைப்படம் இல்லாவிட்டாலும் முதல் பக்கத்திலிருந்து படிப்பேன் என்கிறார். முதல் பக்கத்திலிருந்து! அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே பெரிது.

யாரும் எழுதாததால் அவரே தன் சரித்திரத்தை எழுத உட்கார்ந்திருக்கிறார். விஷயம் இருக்கிறது. பிறந்தது தென்னார்க்காடு மாவட்டம், 1993இலிருந்து விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். வீட்டை மாற்றாமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர். இதை இரண்டாவது வரியாக வைத்திருக்கிறார். நிற்பது முதல் வரியில். 'நான் பிறந்தது' என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. அம்மா சொன்னது ஐப்பசி அடைமழை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் வயது பத்தவில்லை என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்த ஜூனை நம்பித்தான் வேலை, அதை வைத்துத்தான் ஓய்வு. ஐப்பசி என்று எழுதினால் எந்த ஆபீஸிலிருந்து கடிதம் வருமோ. ஜூன் என்று எழுதினால் முதல் வரியே பொய்.

"ரெண்டையும் எழுதிட்டுப் போங்களேன்" என்றார் மனைவி.

"அப்படின்னா ரெண்டு பாகமா போடணும். அச்சுக்கூலி யார் குடுக்கறது?"